சந்தேகவாதியிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்: மதம், அறிவியல், தொழில்நுட்பம், அரசுக் கொள்கை

மதம், அறிவியல், தொழில்நுட்பம், அரசுக் கொள்கை என்று எதைப் பற்றி வாதம் கிளம்பினாலும் அதே கேள்விகள்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டது. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போட்டு வைக்கிறேன். சில பதில்கள் நீளம், சிலவற்றுக்கு இரண்டு வரி போதும். வரிசைப்படி படிக்க வேண்டும் என்றில்லை.

நீங்கள் எதையுமே நம்ப மாட்டீர்களா?

நிறைய நம்புகிறேன். பூமி சூரியனைச் சுற்றுகிறது, கிருமிகளால் நோய் வருகிறது, நான் ஏறி உட்காரும் விமானம் பறக்கும். இவற்றில் எதையும் நானே சோதித்துப் பார்த்ததில்லை. ஆனால் சோதித்தவர்கள் எப்படிச் சோதித்தார்கள் என்று தேடிப் பார்க்க முடியும். தப்பாக இருந்திருந்தால் எந்த இடத்தில் மாட்டியிருப்பார்கள் என்றும் பார்க்க முடியும். ஆதாரம் எவ்வளவோ, நம்பிக்கையும் அவ்வளவு இருக்கட்டும் என்கிறேன். 1748-லேயே தத்துவவாதி டேவிட் ஹியூம் சொன்ன விஷயம்தான் இது. நேற்று மழை பெய்தது என்று நீங்கள் சொன்னால் உங்கள் வார்த்தை எனக்குப் போதும். நேற்று மழை தரையிலிருந்து மேகத்துக்குப் போனது என்று சொன்னால் போதாது.

அப்படியென்றால் நாத்திகரா?

ஆமாம். ஆனால் இங்கே இருக்கும் பெரும்பாலான பதில்களுக்கு அது தேவையே இல்லை. பிரபஞ்சம் விரிகிறது என்று 1927-ல் எழுதிய ஜார்ஜ் லெமைத்ர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். பெருவெடிப்புக் கோட்பாட்டுக்கு விதை போட்டவர் அவர்தான். 1951-ல் போப் பன்னிரண்டாம் பயஸ் அந்தக் கோட்பாட்டைப் படைப்புக்குச் சான்று போலப் பேசியபோது லெமைத்ருக்கு அது பிடிக்கவில்லை. இரண்டையும் அப்படி முடிச்சுப் போட வேண்டாம் என்பது அவர் கட்சி. கடவுள் விஷயத்தில் அவரும் நானும் எதிரெதிர் பக்கம், ஆதார விஷயத்தில் ஒரே பக்கம். மாறாக, கடவுளை மறுத்துவிட்டு, தடுப்பூசிக்குள் ஏதோ சதி இருக்கிறது என்று நம்புகிறவர்களோடும் நான் மணிக்கணக்கில் வாதாடியிருக்கிறேன்.

கடவுள் இல்லை என்று நிரூபியுங்கள், பார்ப்போம்.

எந்தக் கடவுள் என்பதைப் பொறுத்தது. உலகத்தைப் படைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்ட, எதிலும் தலையிடாத கடவுள் என்றால் என்னால் முடியாது. அவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உலகம் ஒரே மாதிரிதான் இருக்கும். சோதிக்க அங்கே ஒன்றுமில்லை, அதனால் அந்த வாதத்துக்கே நான் போவதில்லை.

சிக்கல் என்னவென்றால் யாரும் அந்தக் கடவுளோடு நிற்பதில்லை. அடுத்த வரியிலேயே அவர் நோயைக் குணப்படுத்துகிறார், பாவத்துக்காக நிலநடுக்கம் அனுப்புகிறார், இன்ன சட்டம் கூடாது என்கிறார். தலையிடுகிறார் என்றால் எங்கோ ஏதோ வித்தியாசம் தெரிய வேண்டும் அல்லவா? அதைப் பார்க்கலாம்.

பிரார்த்தனை பலிப்பதை யாராவது சோதித்திருக்கிறார்களா?

சோதித்திருக்கிறார்கள். எனக்குப் பிடித்த சோதனை 2006-ல் வெளியானது. அமெரிக்காவில் ஆறு மருத்துவமனைகள், இதய பைபாஸ் அறுவை சிகிச்சைக்கு வந்த 1,802 நோயாளிகள். அவர்களைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள். முதல் குழுவுக்காகப் பிரார்த்தனை நடந்தது, இரண்டாவது குழுவுக்காக நடக்கவில்லை. தாங்கள் எந்தப் பக்கம் என்று இரண்டு குழுவுக்கும் தெரியாது. மூன்றாவது குழுவுக்குப் பிரார்த்தனையும் நடந்தது, அது நடக்கிறது என்று அவர்களிடம் சொல்லவும் செய்தார்கள்.

முதல் குழுவில் 52 சதவீதம் பேருக்குச் சிக்கல் வந்தது, இரண்டாவதில் 51 சதவீதம் பேருக்கு. வித்தியாசம் இல்லை. தமக்காகப் பிரார்த்தனை நடக்கிறது என்று தெரிந்திருந்தவர்களில் 59 சதவீதம் பேருக்குச் சிக்கல். "எனக்காக ஆள் வைத்துப் பிரார்த்திக்கிறார்கள் என்றால் என் நிலைமை அவ்வளவு மோசமா" என்று பயந்திருக்கலாம், அல்லது தற்செயலாகவும் இருக்கலாம். பிரார்த்தனை கெடுதல் என்று இதை வைத்துச் சொல்ல மாட்டேன்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இதற்குப் பணம் கொடுத்தது ஜான் டெம்பிள்டன் அறக்கட்டளை, மதமும் அறிவியலும் கைகோத்துப் போக வேண்டும் என்று விரும்பும் அமைப்பு. முடிவு அவர்கள் எதிர்பார்த்தபடி வந்திருக்காது. இருந்தும் வெளியானது. ஒரு சோதனைக்கு அதைவிட நல்ல சான்றிதழ் வேண்டுமா?

எனக்கே நடந்தது. நான் பொய் சொல்கிறேன் என்கிறீர்களா?

இல்லை. நடந்ததைச் சந்தேகிக்கவில்லை, காரணத்தைச் சந்தேகிக்கிறேன். வலி தாங்க முடியாமல் போகும்போதுதான் மருந்தையோ மந்திரத்தையோ தேடிப் போகிறோம். உச்சத்துக்குப் போன வலிக்கு அடுத்தது பெரும்பாலும் இறக்கம்தான், எதுவும் செய்யாவிட்டாலும்கூட. அந்த நேரத்தில் கையில் எது இருந்ததோ அதற்குப் பெயர் கிடைத்துவிடுகிறது. குணமாகாதவர்கள் வந்து சாட்சி சொல்வதும் இல்லை.

ஜோதிடர் என் குணத்தை அப்படியே சொன்னாரே?

1948-ல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியல் பேராசிரியர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு குணநலத் தேர்வு வைத்தார். சில நாள் கழித்து ஒவ்வொருவர் கையிலும் அவரவர் பெயர் எழுதிய அறிக்கையைக் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி நாலுக்கும் மேல் வந்தது. அப்புறம்தான் விஷயத்தை உடைத்தார்: எல்லார் கையிலும் இருந்தது ஒரே அறிக்கை. கடையில் விற்கும் ஜோதிடப் புத்தகத்திலிருந்து வரிகளைப் பொறுக்கி எடுத்து ஒட்டியது. "மற்றவர்கள் உங்களை விரும்ப வேண்டும் என்ற ஆசை உங்களுக்கு உண்டு", "உங்களிடம் இன்னும் பயன்படுத்தப்படாத திறமை நிறைய இருக்கிறது" என்கிற வகை வரிகள். உங்களுக்கும் பொருந்துகிறதா? எனக்கும் பொருந்துகிறது.

ஜோதிடர்கள் தரப்புக்கும் வாய்ப்புக் கொடுத்திருக்கிறார்கள். ஷான் கார்ல்சன் நடத்தி 1985-ல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் வெளியிட்ட சோதனையில், ஒருவருடைய ஜாதகத்தைக் கொடுத்து, மூன்று குணநல அறிக்கைகளில் அவருடையது எது என்று கேட்டார்கள். சோதனை நியாயமானது என்று ஜோதிடர்களும் முன்கூட்டியே ஒத்துக்கொண்டிருந்தார்கள். மூன்றில் ஒரு பங்குதான் சரியாக வந்தது. கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலும் அவ்வளவு வரும்.

இதையெல்லாம் சோதிக்கப் பெரிய ஆய்வகமும் பணமும் வேண்டாமா?

எமிலி ரோசா என்ற சிறுமிக்கு ஓர் அட்டைத் தடுப்பும் ஒரு நாணயமும் போதுமானதாக இருந்தன. நோயாளியைத் தொடாமலே உடலைச் சுற்றியுள்ள சக்தியைக் கையால் உணர்ந்து சரிசெய்வதாகச் சொல்லும் ஒரு சிகிச்சை அப்போது அமெரிக்கத் தாதியரிடையே பரவியிருந்தது. பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக, ஒன்பது வயதில், அவர் அந்தச் சிகிச்சையாளர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். தடுப்பின் துளைகள் வழியே இரண்டு கைகளையும் உள்ளங்கை மேலே பார்க்க நீட்டச் சொன்னார். நாணயத்தைச் சுண்டிப் போட்டு, விழுந்தபடி வலது கைக்கோ இடது கைக்கோ மேலே தன் கையைக் காட்டினார். "என் கை உங்களுடைய எந்தக் கைக்கு மேலே இருக்கிறது?" அவ்வளவுதான் கேள்வி.

மொத்தம் 21 பேர், 280 முறை. 44 சதவீதம்தான் சரி, சும்மா ஊகித்தால் வருவதைவிடச் சற்றுக் குறைவு. அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழ் அதை 1998-ல் வெளியிட்டது.

எனக்கு இதில் பிடித்தது முடிவைவிடக் கேள்விதான். சக்தி உண்டா, அது எப்படிப் பாய்கிறது, குவாண்டம் இயற்பியலுக்கும் அதற்கும் என்ன உறவு என்று பெரியவர்கள் வருடக்கணக்கில் பேசிக்கொண்டிருந்தார்கள். நோயாளியின் உடலைச் சுற்றியுள்ள சக்தியையே உணர்பவருக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு கை தெரிய வேண்டும், அதிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று அந்தக் குழந்தை நினைத்தது.

ஆதாரம் காட்டினாலும் ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக்கழிப்பீர்கள். திறந்த மனது இருந்தால்தானே?

திறந்த மனதுக்குப் பணமே கட்டி வைத்திருந்தார்கள். அற்புத சக்தியை ஏமாற்ற முடியாத சூழலில் காட்டுபவருக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர் 1963-ல் இலங்கையில் அறிவித்தார். அமெரிக்காவில் மேஜிக் நிபுணர் ஜேம்ஸ் ராண்டி 1964-ல் ஆயிரம் டாலரில் ஆரம்பித்தது பின்னாளில் பத்து லட்சம் டாலரானது. 2015-ல் மூடும்வரை யாரும் அதை வாங்கிக்கொண்டு போகவில்லை.

பிரான்ஸில் நடந்த கதை இன்னும் சுவாரசியம். மூலக்கூறு ஒன்றுகூட மிஞ்சாத அளவுக்கு நீர்த்த கரைசலும் உயிரணுக்களில் வேலை செய்கிறது என்று ஷாக் பென்வெனிஸ்த் 1988-ல் எழுதினார். அப்படி நீர்த்துத்தான் மருந்து கொடுக்கும் ஹோமியோபதிக்காரர்களுக்குக் கொண்டாட்டம். நேச்சர் இதழ் அந்தக் கட்டுரையைக் குப்பையில் போடவில்லை. ஒரு நிபந்தனையோடு வெளியிட்டது: நாங்கள் வந்து பார்ப்போம். ஆசிரியர் ஜான் மாடக்ஸ், அறிவியல் மோசடிகளைத் துருவும் வால்டர் ஸ்டூவர்ட், ராண்டி மூன்று பேரும் போனார்கள். எந்தக் குழாயில் மருந்து, எதில் வெறும் தண்ணீர் என்ற விவரத்தை உறையில் போட்டு, அலுமினியத் தாளில் சுற்றி, ஆய்வக விட்டத்தில் எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி ஒட்டிவிட்டார்கள். எது எது என்று தெரியாமல் எண்ணியபோது விளைவு காணாமல் போனது. ஆய்வகத்தில் இருந்தவர்கள் யாரும் ஏமாற்றுக்காரர்கள் இல்லை. விடை தெரிந்திருந்தால் கண் அந்தப் பக்கம் சாய்ந்துவிடுகிறது, அவ்வளவே.

கலிலியோவையும்தான் கேலி செய்தார்கள். நாளைக்கு நாங்கள் ஜெயித்தால்?

ஜெயித்தால் நானும் கைதட்டுவேன். ஆனால் கேலிக்கு ஆளானவர்களில் கலிலியோ எத்தனை பேர், சும்மா தப்பாகப் பேசியவர்கள் எத்தனை பேர் என்று கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். ஆல்ஃபிரட் வெக்னர் 1912-ல் கண்டங்கள் நகர்கின்றன என்றார், யாரும் கேட்கவில்லை, 1930-ல் கிரீன்லாந்துப் பனியில் இறந்தே போனார். 1960-களில் கடலடித் தரை விரிவது தெரிந்ததும் புவியியலாளர்கள் மாறினார்கள். பாரி மார்ஷல் வயிற்றுப் புண்ணுக்குக் காரணம் பாக்டீரியா என்றார், நம்பவில்லை, 1984-ல் அந்தப் பாக்டீரியாவைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். 2005-ல் ராபின் வாரனோடு நோபல் பரிசு. கேலி செய்தவர்களைத் திட்டிக்கொண்டே இருந்ததால் இவர்களுக்கு வெற்றி வரவில்லை. தயவுசெய்து மார்ஷலைப் பார்த்து எதையும் குடித்துவிடாதீர்கள்.

அறிவியலே நேற்று ஒன்று, இன்று ஒன்று சொல்கிறதே?

சொல்கிறது. நீங்கள் நினைப்பதைவிட மோசம்கூட. உளவியலில் பெயர்பெற்ற இதழ்களில் வந்த நூறு ஆய்வுகளை மறுபடி செய்து 2015-ல் முடிவை வெளியிட்டார்கள். முதல் தடவை 97 சதவீதத்தில் விளைவு தெரிந்திருந்தது, மறுபடி செய்தபோது 36 சதவீதத்தில்தான். அந்தத் துறைக்கே மானம் போகிற எண்ணிக்கை. ஆனால் அந்தச் சோதனையைச் செய்ததும் உளவியல் ஆய்வாளர்கள்தான், வெளியிலிருந்து வந்த எதிரிகள் இல்லை. அதற்கப்புறம், என்ன தேடப்போகிறோம் என்பதை முன்கூட்டியே பதிவு செய்துவிட்டு ஆய்வைத் தொடங்கும் பழக்கம் பரவியது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது: "ஒரு புதிய ஆய்வு சொல்கிறது" என்று ஆரம்பிக்கும் செய்தியை நம்ப அவசரம் வேண்டாம். பலமுறை பல பேர் பல வழியில் பார்த்த விஷயத்தை ஒரு செய்தியால் தூக்கியெறியவும் அவசரம் வேண்டாம்.

பரிணாமம் வெறும் தியரிதானே? யார் பார்த்தார்கள்?

மீனுக்கும் நாலு கால் பிராணிக்கும் நடுவில் ஏதோ இருந்திருக்க வேண்டும் என்றால் அது சுமார் 37.5 கோடி ஆண்டு பழைய, ஆழமில்லாத நன்னீரில் படிந்த பாறையில் இருக்க வேண்டும் என்று நீல் ஷூபினும் கூட்டாளிகளும் கணக்குப் போட்டார்கள். அந்த வயதுப் பாறை எங்கே வெளியே தெரிகிறது என்று வரைபடத்தில் தேடினார்கள். கனடாவின் வடகோடியில் எல்ஸ்மியர் தீவு. பலமுறை போய்த் தோண்டி 2004-ல் ஒரு புதைபடிவத்தைக் கண்டெடுத்தார்கள்: செதிலும் துடுப்பும் மீனுடையவை, ஆனால் கழுத்து உண்டு, துடுப்புக்குள் மணிக்கட்டு எலும்பும் உண்டு. டிக்டாலிக் என்று பெயர். எங்கே, எந்த வயதில், என்ன கிடைக்கும் என்று முன்னாடியே சொல்லிவிட்டுத் தோண்டினார்கள். பார்க்காததைப் பற்றிப் பேசும் மற்ற எந்தக் கதையாவது இப்படி இடம் சொல்லியிருக்கிறதா?

பாடத்திட்டத்தில் இரண்டு பக்கத்தையும் சொல்லிக்கொடுக்கலாமே என்பார்கள். பென்சில்வேனியாவின் டோவர் பள்ளி வழக்கில் 2005-ல் அதுதான் விவாதம். உயிர்களை ஏதோ ஓர் அறிவு திட்டமிட்டு வடிவமைத்தது என்னும் "அறிவார்ந்த வடிவமைப்பு" தரப்பின் முதன்மை நிபுணர், அறிவியல் கோட்பாடு என்பதற்குத் தான் தரும் வரையறைப்படி ஜோதிடமும் கோட்பாடுதான் என்று குறுக்கு விசாரணையில் ஒப்புக்கொண்டார். அது மதம்தான், அறிவியல் இல்லை என்று தீர்ப்பளித்த நீதிபதி ஜான் ஜோன்ஸை நியமித்தவரே பழமைவாதக் குடியரசுக் கட்சி அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ்தான்.

நானும் சந்தேகவாதிதான். காலநிலை மாற்றத்தைச் சந்தேகிக்கிறேன். என்னை மட்டும் ஏன் மறுப்பாளர் என்கிறீர்கள்?

எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான், நியாயமான கேள்வியும்கூட.

ரிச்சர்ட் முல்லரைப் பாருங்கள். பெர்க்லி இயற்பியலாளர். வெப்பநிலைப் பதிவுகளில் கோளாறு இருக்கலாம் என்று வெளிப்படையாகச் சொன்னவர். வெப்பமானிகள் நகரங்களுக்குள் மாட்டிக்கொண்டுவிட்டன, சில நிலையங்களை மட்டும் தேர்ந்தெடுக்கிறார்கள், பதிவுகளில் கைவைத்துத் திருத்துகிறார்கள் என்பவை அவருடைய சந்தேகங்கள். வெறுமனே சொல்லிக்கொண்டு உட்காராமல், ஒரு குழுவைச் சேர்த்து, கிடைத்த எல்லாப் பதிவையும் புதிதாகக் கணக்கிட்டார். பணம் கொடுத்தவர்களில் எண்ணெய்த் தொழிலில் வளர்ந்த சார்லஸ் கோக்கின் அறக்கட்டளையும் உண்டு. 2012-ல் அவர் அறிவித்த முடிவு: வெப்பம் ஏறியிருப்பது உண்மை, காரணம் அநேகமாக முழுக்க மனிதர்கள்தான். அவர் சந்தேகப்பட்டதற்கு நான் சலாம் போடுகிறேன். என்ன வந்தால் ஒத்துக்கொள்வேன் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. வந்தது, ஒத்துக்கொண்டார்.

இன்னொரு வகைச் சந்தேகமும் உண்டு. புகைபிடிப்பதற்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை 1950-ல் ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்ட் ஹில்லும் காட்டினார்கள். சிகரெட் கம்பெனி ஒன்றின் 1969-ஆம் ஆண்டு உள் ஆவணத்தில் அப்பட்டமாக எழுதியிருக்கிறது: சந்தேகம்தான் நம் தயாரிப்பு. அந்தச் சந்தேகம் தீர வேண்டும் என்று யாருக்கும் ஆசை இல்லை. தீர்ந்தால் கடையை மூட வேண்டியதுதான்.

ஆக, நான் உங்களிடம் கேட்பது ஒன்றுதான். எது தெரிந்தால் மாறுவீர்கள்? சூரியன்தான் காரணம் என்கிறீர்கள் என்றால், வளிமண்டலத்தின் கீழடுக்கும் மேலடுக்கும் சேர்ந்து சூடாக வேண்டும். அளந்து பார்த்தால் கீழே சூடாகிறது, மேலே அடுக்குமண்டலம் குளிர்கிறது. கரியமில வாயு வெப்பத்தைக் கீழே பிடித்து வைத்தால் நடக்க வேண்டியது அதுதான். தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்தில் 280 பங்காக இருந்த அந்த வாயு இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. இதைச் சொன்னதும் "சரி, அதை விடுங்கள், ஆனால்..." என்று அடுத்த காரணத்துக்குத் தாவினால், அதற்கப்புறம் அதற்கு அடுத்ததற்கும் தாவினால், அங்கேதான் எனக்கு மறுப்பாளர் என்ற சொல் வாயில் வருகிறது.

வரி போடலாமா, அணு உலை கட்டலாமா, யார் முதலில் குறைக்க வேண்டும் என்பதெல்லாம் வேறு. அதில் நீங்களும் நானும் எதிரெதிராக இருந்தாலும் இரண்டு பேரும் சந்தேகவாதிகளாக இருக்கலாம்.

மருந்துக் கம்பெனிகள் பொய் சொல்வதே இல்லையா?

சொல்லியிருக்கின்றன, அபராதமும் கட்டியிருக்கின்றன. கம்பெனியை நம்புங்கள் என்று நான் எங்கும் சொல்லவில்லை. என் அபிப்பிராயத்தில் இருபதாம் நூற்றாண்டின் ஆகச் சிறந்த சந்தேகவாதி ஓர் அரசு அதிகாரி: பிரான்ஸஸ் கெல்சி. 1960-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் சேர்ந்தார். வந்த புதிதில் அவர் மேசைக்கு வந்த கோப்பு தாலிடோமைடு என்ற தூக்க மருந்து. ஐரோப்பாவில் ஏற்கெனவே விற்பனையில் இருந்தது, கர்ப்பிணிகளும் வாந்திக்கு எடுத்துக்கொண்டிருந்தார்கள். பார்வைக்கு எளிதான கோப்பு, அதனால்தான் புதியவரிடம் கொடுத்தார்கள்.

60 நாளுக்குள் மறுப்புச் சொல்லாவிட்டால் மருந்து தானாகவே சந்தைக்குப் போய்விடும் என்பது அன்றைய விதி. கெல்சி ஒவ்வொரு கெடு முடியும்போதும் "விவரம் போதாது" என்று திருப்பி அனுப்பினார். நீண்டகாலம் எடுத்தவர்களுக்குக் கைகால் நரம்பு பாதித்ததாகப் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஒரு கடிதம் அவர் கண்ணில் பட்டது. நரம்பைத் தொடும் மருந்து கருவை என்ன செய்யும் என்று கேட்டார். கம்பெனிக்காரர்கள் நச்சரித்தார்கள், மேலதிகாரிகளிடம் புகார் சொன்னார்கள். 1961 நவம்பரில் ஜெர்மனியிலிருந்து செய்தி வந்தது, கைகால் வளராத குழந்தைகள். உலகம் முழுக்கப் பத்தாயிரத்துக்கும் மேல். அமெரிக்காவில், மருத்துவர்களுக்குச் சாம்பிளாகப் போன மாத்திரைகளால் பாதிக்கப்பட்டவர்கள் மிகச் சிலரே.

மருந்து வேலை செய்கிறது என்று கம்பெனி நிரூபித்தே தீர வேண்டும் என்ற சட்டம் அடுத்த ஆண்டு, 1962-ல் வந்தது. ஆகவே ஒழுங்குமுறை ஆணையம் என்றாலே கம்பெனிக்குக் கைக்கூலி என்று யாராவது பேசும்போது எனக்கு இந்த அம்மையார் ஞாபகம் வருவார்.

தடுப்பூசியால் ஆட்டிசம் வருகிறது என்று ஒரு மருத்துவரே எழுதினாரே?

1998-ல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட். 12 குழந்தைகளை வைத்து எழுதினார். அதை வெளியிட்ட லான்செட் மருத்துவ இதழ் 2010-ல் அதைத் திரும்பப் பெற்றது, அவர் பெயரை மருத்துவர் பட்டியலிலிருந்தும் நீக்கினார்கள். டென்மார்க்கில் 6,57,461 குழந்தைகளைப் பின்தொடர்ந்து 2019-ல் வெளியிட்ட ஆய்வில் தொடர்பு எதுவும் இல்லை. பன்னிரண்டா, ஆறரை லட்சமா?

செல்போன் கதிர்வீச்சு புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருக்கிறதே?

அதன் புற்றுநோய் ஆய்வு முகமை 2011-ல் "இருக்கக்கூடும்" என்ற 2பி பட்டியலில் சேர்த்தது. ஆதாரம் வலுவில்லை, முழுக்கத் தள்ளவும் முடியவில்லை என்றால் போடும் இடம் அது. பெயரில் இருக்கும் "கதிர்வீச்சு" பயமுறுத்துகிறது. ஆனால் போன் அலையின் ஒரு துகளுக்கு, பச்சை வெளிச்சத்தின் ஒரு துகளுக்கு உள்ள ஆற்றலில் லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. வேதிப் பிணைப்பை உடைக்க அது எந்த மூலைக்கும் போதாது. உலக சுகாதார நிறுவனம் கேட்டு நடந்த, 2024-ல் வெளியான பெரிய மீளாய்விலும் போன் பயன்பாட்டுக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு காணப்படவில்லை. போனைப் பார்த்தபடி சாலையைக் கடப்பது பற்றிக் கேளுங்கள், அதில் நான் உங்கள் கட்சி.

செயற்கை நுண்ணறிவு பற்றி என்ன நினைக்கிறீர்கள்? கடவுளை நம்பாதவர்கள் அதைத்தானே கும்பிடுகிறார்கள்?

கும்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. 1966-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஜோசப் வைசன்பாம் எலைசா என்ற நிரல் எழுதினார். நாம் சொல்வதையே கேள்வியாகத் திருப்பிப் போடும், வேறொன்றும் தெரியாது. அவர் அதை எழுதிக்கொண்டிருந்ததை மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்த செயலாளர், அதனோடு கொஞ்ச நேரம் பேசிவிட்டு, "நீங்கள் வெளியே போங்கள்" என்று அவரையே அறையை விட்டுப் போகச் சொன்னார். அவருக்கே திகைப்பு.

இன்றைய நிரல்கள் எலைசாவைவிட எவ்வளவோ திறமையானவை, நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் 2023-ல் நியூயார்க் நீதிமன்றத்தில் நடந்ததைப் பாருங்கள். சாட்ஜிபிடி கொடுத்த முன்தீர்ப்புகளை அப்படியே மனுவில் போட்டார் ஒரு வக்கீல். அப்படி வழக்குகளே கிடையாது. இவை நிஜமா என்று அவர் சரிபார்த்திருக்கிறார், அதே சாட்ஜிபிடியிடமே கேட்டு! நிஜம்தான் என்றது. ஐயாயிரம் டாலர் அபராதம். ஒரு சாட்சியைப் பற்றி அதே சாட்சியிடம் கேட்டுக்கொள்ளும் பழக்கத்தை மதவாதங்களில் நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

தொழில்நுட்பத்துக்கு என்று தனிச் சலுகை இல்லை. ஒரு சொட்டு ரத்தத்தில் எல்லாப் பரிசோதனையும் என்ற தெரானோஸ் நிறுவனம் 900 கோடி டாலர் மதிப்புக்குப் போனது. வேலை செய்யும் கருவியை வெளி ஆட்களிடம் கொடுத்துச் சோதிக்கச் சொல்லியிருந்தால் முதல் வருடத்திலேயே முடிந்திருக்கும் கதை அது. நிறுவனர் எலிசபெத் ஹோம்ஸ் மோசடிக் குற்றவாளி என்று 2022-ல் தீர்ப்பானது.

அரசுக் கொள்கையை அறிவியலே முடிவு செய்துவிட வேண்டும் என்கிறீர்களா?

இல்லவே இல்லை. என்ன செய்தால் என்ன நடக்கும் என்பதை அறிவியல் சொல்லலாம். எது நடக்க வேண்டும் என்பதை மக்கள்தான் சொல்ல வேண்டும். இரண்டையும் போட்டுக் குழப்புவதில் எல்லாக் கட்சிக்காரர்களும் கெட்டிக்காரர்கள்.

அமெரிக்காவில் 1970-களில் ஒரு திட்டம் பிரபலமானது. வழிதவறும் சிறுவர்களைச் சிறைக்குக் கூட்டிப்போய், ஆயுள் கைதிகளை விட்டு மிரட்டச் சொல்வது. அதைப் பற்றிய ஆவணப்படத்துக்கு ஆஸ்கர் விருதே கிடைத்தது. எல்லாருக்கும் பிடித்த திட்டம், கண்டிப்பை விரும்புகிறவர்களுக்கும் சரி, சிறுவர்கள் திருந்த வேண்டும் என்று இரங்குகிறவர்களுக்கும் சரி. பிறகு குலுக்கல் முறையில் நடந்த ஒன்பது சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சிறைக்குப் போய் வந்த சிறுவர்கள் போகாதவர்களைவிட அதிகமாகக் குற்றம் செய்திருந்தார்கள். சும்மா விட்டிருந்தாலே பரவாயில்லை. இது விழுமியச் சண்டை இல்லை, சிறுவர்கள் குற்றவாளியாவதை யாரும் விரும்பவில்லை. எண்ணிப் பார்க்காததுதான் கோளாறு.

எண்ணிப் பார்த்தும் தீராத சண்டைகளும் உண்டு. 2011-ல் ஃபுகுஷிமா அணு உலை விபத்தில் கதிர்வீச்சால் இறந்ததாக ஜப்பான் அரசு ஒப்புக்கொண்டது ஒருவரை. இடம்பெயர்ந்த அலைச்சலாலும் மன உளைச்சலாலும் அந்த மாகாணத்தில் இறந்தவர்கள் என்று கணக்கில் இருப்பவர்கள் 2,000-க்கும் மேல், பெரும்பாலும் முதியவர்கள். இதை வைத்து அணுமின்சாரம் வேண்டும் என்றும் வாதாடலாம், இப்படி ஊரையே காலி செய்ய வைக்கும் ஆபத்து வேண்டாம் என்றும் வாதாடலாம். எண்ணிக்கையை ஒத்துக்கொண்டு வாதாடுங்கள், நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

மரபணு மாற்றப் பயிரிலும் இதே குழப்பம்தான். மனித உடலுக்குக் கூடுதல் ஆபத்து இருப்பதற்கு ஆதாரம் இல்லை என்று அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்கள் 2016-ல் சொல்லிவிட்டன. விதைக்கு யார் சொந்தக்காரர் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. நல்ல கேள்வி அது. அதற்கு விஷம் என்று வேஷம் போட்டு ஏன் அனுப்ப வேண்டும்?

ஒருவருடைய நம்பிக்கையால் அவருக்கு நிம்மதி கிடைக்கிறது. அதைக் கெடுப்பதில் உங்களுக்கு என்ன சந்தோஷம்?

துக்க வீட்டில் நான் வாயைத் திறப்பதில்லை. யாருடைய பூஜை அறைக்கும் தொழுகைக்கும் போய்க் கேள்வி கேட்பதும் இல்லை. அந்த நம்பிக்கையை வைத்து மருந்தை நிறுத்தச் சொன்னால், பாடப் புத்தகத்தை மாற்றச் சொன்னால், இன்னொருவர் வாழ்க்கைக்கு விதி போட்டால், அப்போது பேசுவேன்.

வாதம் செய்து இதுவரை யாராவது மாறியிருக்கிறார்களா? ஆதாரம் காட்டினால் இன்னும் பிடிவாதம்தானே கூடும்?

இது சந்தேகவாதிகளே ஆசையாகச் சொல்லிக்கொண்டிருந்த கதை. திருத்தம் சொன்னால் தவறான நம்பிக்கை இன்னும் இறுகும் என்று 2010-ல் ஓர் ஆய்வு வந்தது, எல்லாரும் பிடித்துக்கொண்டோம். எதிராளிகள் முட்டாள்கள் என்று அறிவியலே சொல்கிறது, வேறென்ன வேண்டும்! தாமஸ் வுட்டும் ஈதன் போர்ட்டரும் 52 தலைப்புகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்து 2019-ல் வெளியிட்டார்கள். அந்த விளைவு தென்படவில்லை. திருத்தம் சொன்னால் சராசரியாக மக்கள் கொஞ்சம் உண்மையின் பக்கம்தான் நகர்கிறார்கள். நகர்ந்தாலும் தேர்தலில் வாக்கை மாற்றிப் போடுவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள்.

என் அனுபவத்தில், வாதத்தின் நடுவில் யாரும் "நீங்கள் சொல்வது சரி" என்று சொன்னதில்லை. சில மாதம் கழித்து அதே ஆள் அதே வாதத்தை மறுபடி வைக்காமல் இருப்பார். அதுவே போதும்.

உங்கள் மனதை மாற்ற என்ன வேண்டும்?

பரிணாமத்துக்கு: 50 கோடி ஆண்டு பழைய, கலையாத பாறையில் ஒரு முயல் எலும்பு. பிரார்த்தனைக்கு: துண்டிக்கப்பட்ட ஒரு கால் மறுபடி வளர்ந்து, முன்பும் பின்பும் எடுத்த எக்ஸ்ரேயோடு. ஹோமியோபதிக்கு: அந்த அலுமினியத் தாள் உறைச் சோதனையில், சம்பந்தமில்லாத மூன்று ஆய்வகங்களில் வெற்றி. செல்போனுக்கு: பயன்பாடு ஏறிய நாடுகளில் எல்லாம் மூளைப் புற்றுநோயும் கூடவே ஏறிய பதிவேடு. ஜோதிடத்துக்கு: மூன்றில் இரண்டு சரியாக வந்தாலே நான் உட்கார்ந்து கேட்பேன்.

உங்களோடு விவாதிக்கலாமா?

தாராளமாக. ஒரு நேரத்தில் ஒரு விஷயம். எது தெரிந்தால் நீங்கள் மாறுவீர்கள் என்பதை முதல் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள், பாதி நேரம் மிச்சம். இரண்டு மணி நேர வீடியோவை அனுப்பி "முழுசா பார்த்துட்டுப் பேசுங்க" என்றால் பார்க்க மாட்டேன். ஆதாரம் எத்தனையாவது நிமிடத்தில் வருகிறது என்று சொல்லுங்கள், அந்த இடத்தை மட்டும் பார்க்கிறேன்.